ஆறு பேருக்கு மேசை

மலை நடையை முடித்துவிட்டு நாங்கள் ஆறு பேரும் வேல்ஸ் மழையில் தொப்பலாக நனைந்து பப்புக்குள் நுழைந்தோம். மூன்று வாரத்துக்கு முன்பே மேசைக்குச் சொல்லி வைத்திருந்தோம்.

"மறுபடியுமா? இப்பத்தானே சாப்பிட்டுப் போனீங்க!" என்றாள் கடைக்காரி கிளெனிஸ்.

"விளையாடாதே தாயி, பசி உயிர் போகுது," என்று எரிந்து விழுந்தார் எங்களில் ஒருவரான எம்லின்.

அவள் ஜன்னலோர மேசையைக் காட்டினாள். அதில் ஐந்து எச்சில் தட்டுகள் இருந்தன. ஒன்றில், நான் ஒதுக்குவதுபோலவே பட்டாணி ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது.

"கண்ணைத் திறந்து பாரு, நாங்க ஆறு பேரு," என்றேன் கடுப்புடன்.

"அஞ்சு பேர்தான் வந்தீங்க. எல்லாரும் துக்கத்துக்குப் போடுற கறுப்பு உடுப்பு. எம்லின் நாற்காலியை எடுத்துடச் சொன்னதே நீங்கதான்."

"கூத்தெல்லாம் அப்புறம். முதல்ல ஆட்டுக்கறி சூப்பைக் கொண்டா!" என்றார் எம்லின்.

அவர் பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மற்ற ஐந்து பேரும் நின்றுகொண்டே இருந்தோம்.