எண்ணெய்க்கடைத் தூண்

சௌந்தரராஜனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் அவள் தூணில்தான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பம்மா, அது தூணா, இல்ல உன் கைத்துணியா?"

எண்ணெய்க்கடை பாப்பம்மா கையிலிருந்த பழந்துணியை டின் மேல் போட்டாள். "வாங்கண்ணா. ஓசூர்லருந்து பஸ்ஸுலயா வந்தீங்க?"

"எதுல வந்தா என்னம்மா? தேக்குத் தூண். எங்க தாத்தா வெச்சது. அதப் போயி இப்படிக் கரிச்சட்டியாக்கி வெச்சிருக்கியே. சாஞ்சா சட்டை போச்சு."

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் தெருவைப் பார்த்துக் கடையும் அதற்குப் பின்னால் வீடுமாகக் கட்டியது அது. முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும். கடைக்குப் பலகைக் கதவு, நடுவில் ஒரு தூண். கடையைத் தாண்டினால் முற்றம், அதைச் சுற்றி அதே தேக்கில் நான்கு தூண்கள், மேலே ஒரு மாடி. சௌந்தரராஜன் ஓசூரில் ஃபிளாட் வாங்கிப் போனதிலிருந்து உள்வீட்டுக்குப் பூட்டுதான். கடையில் மட்டும் பதினெட்டு வருடமாகப் பாப்பம்மா.

அவளுக்கும் இந்த மாதத்தோடு சரி. பெங்களூருக்காரர் ஒருவர் மொத்த வீட்டையும் டிபன் ஓட்டலுக்குக் கேட்டிருந்தார். அவர் மயங்கியதே அந்தத் தூண்களைப் பார்த்துத்தான். இன்று அவருடைய இன்ஜினியர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் பத்து வருட ஒப்பந்தம்.

"வேற எடம் பாத்தியா?"

"பாத்துட்டுத்தாண்ணா இருக்கறன். இந்தத் தெருவுல எதுவும் காலி இல்ல. தெருவ விட்டுப் போனா யாவாரம் படுத்துடும்."

"அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார் சௌந்தரராஜன். மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. தூணைப் பார்த்ததும் அந்த உறுத்தலும் போய்விட்டது.

"அது இருக்கட்டும்ணா. உள்வீட்டுச் சாவிய ஒரு அரை மணி நேரம்..."

"ஆரம்பிச்சிட்டியா?"

மாதா மாதம் இதே பாட்டு. அவர் வாடகை வாங்க வந்து உட்காருவதற்குள் சாவி கேட்பாள். இன்றைக்குச் சாவி கொடுத்தால் நாளைக்கு நாலு டின் உள்ளே போகும். அப்புறம் கட்டில் போகும். அப்புறம் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். இதெல்லாம் தெரியாத ஆளா சௌந்தரராஜன்?

"எதுக்குன்னா, அந்த முற்றத்துல..."

"எதுக்கா இருந்தாலும் கெடையாது. விடும்மா."

பாப்பம்மா விட்டுவிட்டாள்.

இன்ஜினியர் ராஜ்குமார் பைக்கில் வந்து இறங்கினான். பர்கூரில் படித்த பையன், வளவளவென்று பேசவில்லை. பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டான்.

"இந்தக் கடைத் தூணை மட்டும் பாக்காதீங்க தம்பி. இந்தம்மா பண்ண கூத்து. உள்ள வாங்க, தூண்னா எப்படி இருக்கும்னு காட்டறேன்."

சாவியைத் திருப்பிக் கதவைத் தள்ளினார். பொங்கலுக்கு ஆள் வைத்து வார்னிஷ் அடித்திருந்தார். நான்கு தூண்களும் பளபளவென்று நின்றன.

ராஜ்குமார் முதல் தூணைச் சுத்தியலால் தட்டினான். சத்தம் காலி டப்பாவில் தட்டியது போலக் கேட்டது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினான். அது கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது செம்மண் பொலபொலவென்று கொட்டியது.

சௌந்தரராஜன் அடுத்த தூணைக் கைகாட்டினார். "ஒண்ணு அப்படி இருக்கும் தம்பி. அடுத்ததப் பாருங்க."

அடுத்ததும் அப்படித்தான். நான்கும் அப்படித்தான்.

"வார்னிஷ் நல்லா இருக்குது சார்" என்றான் ராஜ்குமார். "உள்ளதான் மரம் இல்ல. மொத்தமும் கரையான் தின்னுடுச்சி."

"அப்போ மேல மாடி எப்படிப்பா நிக்குது?"

அவனுக்கும் அதே சந்தேகம்தான். மேலே போகும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தான். அது சுவரைத் தாண்டிக் கடைக்குள் போய், கறுத்துப் போன அந்தத் தூணின் தலையில் உட்கார்ந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து முழு பலத்தோடு அழுத்தினான். நுனிகூட இறங்கவில்லை.

"இது ஒண்ணுதான் சார் தாங்கிட்டிருக்குது. இதுவும் போயிருந்தா போன மழைக்கே மாடி கீழ வந்திருக்கும்" என்றவன், பாப்பம்மா பக்கம் திரும்பினான். "என்னம்மா போட்டீங்க இதுக்கு?"

"வேப்பெண்ணெயும் புங்கெண்ணெயும் கலந்து காய்ச்சி வெச்சிருப்பன் தம்பி. காலைல கடை தொறந்ததும் துணில தொட்டுத் தேய்ச்சு உட்ருவன். ஏழெட்டு வருசம் முந்தி உள் கதவுக்கு அடியில செல்லு மண்ணு கட்டிட்டு வந்துச்சு. அப்பலருந்து."

"விக்கற எண்ணெயிலயா?"

"கடை எண்ணெதான். நெழல் குடுக்கற வூடாச்சே."

ராஜ்குமார் நோட்டில் எழுத ஆரம்பித்தான். பத்து வருட ஒப்பந்தம் அந்த நோட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருப்பது சௌந்தரராஜனுக்குத் தெரிந்தது. யார் மேலாவது பாய வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் பாப்பம்மாதான் இருந்தாள்.

"அப்போ கரையான் வந்தது உனக்கு ஏழெட்டு வருசமாத் தெரியும். உன் கடைத் தூணை மட்டும் காப்பாத்திக்கிட்டே. உள்ள நாலு தூண் இருக்கறது கண்ணுக்குத் தெரியல? அதுக்கும் ரெண்டு கை தேய்ச்சிருந்தா என்னம்மா கொறஞ்சு போயிருப்பே?"

பாப்பம்மா டின் மேல் கிடந்த துணியை எடுத்து மடித்தாள்.

"அதுக்குத்தாண்ணா மாசா மாசம் சாவி கேட்டன்."