புதுசா வந்தவளுக்கு நாற்காலி

கடையில் நின்று விற்கிறவர்களுக்கு நாற்காலி போடவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. சங்கத்துப் பெண்கள் வெயிலில் தெருவில் உட்கார்ந்து வாங்கிய சட்டம். துணிக்கடை முதலாளியும் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார். அவ்வளவு சுலபமாகத் திருந்துகிற ஆளா அவர்?

மறுநாள் விற்பனைக்காரி வந்து பார்த்தால், நாற்காலியில் புதியவள் ஒருத்தி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்கய்யா இது? இத்தனை வருஷமா நின்னு நின்னு எனக்குக் கால் வீங்கிக் கிடக்கு. நேத்து வந்தவளுக்கா நாற்காலி?"

"அவ அழகைப் பார்த்துத்தான் ஜனங்க உள்ள வர்றாங்க. வயித்தெரிச்சல் படாதே."

"தொண்டை கிழியக் கோஷம் போட்டது நாங்க. இவ வாயைத் திறந்தாளா?"

"திறக்க மாட்டா. அதனாலதான் எனக்கு அவளைப் பிடிக்கும்."

விற்பனைக்காரி விறுவிறுவென்று போய்ப் புதியவளை இடுப்போடு சேர்த்துத் தூக்கினாள்.

"அடியே, விடு!" என்று முதலாளி ஓடிவந்து புதியவளின் கையைப் பிடித்து இழுத்தார். கை கழன்று வந்துவிட்டது.

பொம்மையைக் கொண்டுபோய்க் கல்லாவில், முதலாளியின் மெத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, விற்பனைக்காரி திரும்பிவந்து தன் நாற்காலியில் சாய்ந்தாள்.

"உங்களுக்குப் பிடிச்சவ அங்கயே உக்காரட்டும் ஐயா. கால் வலிக்கிறது எனக்குத்தான்."

பிளாஸ்டிக் கையும் கையுமாக இப்போது நின்றுகொண்டிருந்தவர் முதலாளிதான்.