கூப்பிய கை

ஜப்பானின் நாரா நகரில் மான்கள் தலைகுனிந்து வணங்குமாம். ஒன்று அப்படி வணங்கியதும் வடிவாம்பாளும் பதிலுக்குக் கை கூப்பினாள். கைக்குள் பிஸ்கட் இருக்கிறதென்று நினைத்து ஐந்தாறு மான்கள் அவளைச் சூழ்ந்துகொண்டன. ஒன்று முந்தானையைக் கடித்து இழுத்தது. இன்னொன்று விரலிடுக்கில் மூக்கை நுழைத்தது.

“அக்கா, கையை விரிச்சுக் காட்டுங்க. ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சா அதுவா போயிடும்” என்றார் சுற்றுலா வழிகாட்டி சாலமன்.

“மாட்டேன்.”

மதுரையில் அந்நேரம் அவள் தம்பி ஆபரேஷன் தியேட்டரில் இருந்தான். பயணத்தை நிறுத்தக் கூடாதென்று அவளை அனுப்பிவைத்ததே அவன்தான். இதற்குமுன் பார்த்த இரண்டு டாக்டர்களும் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாமவர்தான் பார்க்கலாம் என்றிருந்தார்.

பெரிய மான் அவள் முழங்கையில் முட்டியது. கை பிரியவில்லை.

“வடிவு, ரத்தம் வருது பாரு. கையை விரி” என்று ஓடிவந்த கணவர் திரவியத்தின் போன் அடித்தது. நின்று காதில் வைத்தார். அவளையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மறு கை, அவரை அறியாமல், மெல்ல விரிந்தது.

பெரிய மான் அந்த வெறுங்கையைப் பார்த்தது. பிறகு அவள் பக்கம் திரும்பி, இன்னும் கூப்பியபடியே இருந்த கைகளுக்கு முன்னால் மறுபடி தலைகுனிந்தது.