மூன்றாம் பாட்டின் அடிக்குறிப்பு

“இந்த மூணாம் பாட்டுக்கு மட்டும் ஏம்மா அடிக்குறிப்பு இல்ல?”

பேராசிரியர் நல்லுசாமி தட்டச்சுத் தாளை அவள் பக்கம் திருப்பினார். ஒப்பாரிப் பாடல்களைப் பற்றி மலர்க்கொடி எழுதிய ஆய்வேடு அது.

“குன்னத்துல கேட்டது சார்.”

“பாடினது யாரு, செத்தது யாரு, எங்க நின்னு கேட்டே? மூணும் வேணும். இல்லன்னா பாட்டை எடுத்துடு.”

எடுக்க மனம் வரவில்லை. அந்தக் குரலில் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான்.

“செத்தது யாருன்னு தெரியாமலா இப்படி உருகிப் பாடினாங்க?” அவர் சிரித்தார். “அரியலூர்லேர்ந்து குன்னம் என்ன சீமையிலயா இருக்கு? பஸ் ஏறிப் போய்க் கேட்டுட்டு வா.”

“அந்த வூட்டுல என்னை உள்ள விட மாட்டாங்க சார்.”

“சாவு வூட்டுக் கதவை யாரும்மா சாத்துவாங்க?”

மலர்க்கொடி பேனாவை எடுத்தாள். தாளின் அடியில் நிதானமாக எழுதினாள்:

‘பாடியவர்: தனம், குன்னம். இறந்தவர்: அவர் மகள் மலர்க்கொடி, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட அன்று. கேட்ட இடம்: சாத்திய கதவுக்கு வெளியே, மாலையும் கழுத்துமாக.’