மூன்றாவது கடிதம்

"மூணாவது லெட்டரும் குடுத்துட்டேன்."

"படிச்சாங்களா, மாமா?"

"என் கையெழுத்த நீயே படிக்க மாட்ட. மேனேஜர் எங்க படிக்கப் போறாரு?" சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "படகுக்கு அடியில தண்ணி ஏறுது புள்ள. ஞாயித்துக்கெழம எடுக்க மாட்டேன்னு சொல்லிரவா?"

"சொன்னா வேலைய விட்டு அனுப்பிருவாங்க. இந்த ஒரு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுங்க."

"சரி. நீ சொன்னாச் சரி."

தொலைபேசியில் பேசியது. அவள் சென்னையில், சட்டப்பேரவைச் செயலகத்தில். அவன் மலையடிவாரத்து அணை ஒன்றில், சுற்றுலாப் படகு ஓட்டிக்கொண்டு. விண்ணப்பம் வாங்கி வந்து, அவளைத் தேர்வுக்குப் படிக்க வைத்து, இந்த வேலைக்கு ரயிலேற்றி விட்டவன் அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை படகு கவிழ்ந்தது.

ஒன்பது பேர். பத்தாவதாக அவன்.

ஓட்டுநர் தங்கமாயனின் அலட்சியம் என்று செய்தித்தாள்கள் எழுதின.

விசாரணை ஆணையம் அமைத்தார்கள். நீதிபதி முன் அவள் போய் நின்றாள். மூன்று கடிதங்கள் கொடுத்தார் என்றாள். ஒன்றுகூட வரவில்லை என்றார் மேனேஜர்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா அம்மா என்று நீதிபதி கேட்டார்.

இல்லை என்றாள்.

ஆறு ஆண்டுகள்.

ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் நிகழ்ச்சி நிரல் அவள் மேசைக்கு வரும். அவை முன் வைக்கப்படும் ஏடுகள் என்ற தலைப்பின் கீழ் விரலை வைத்து இறங்குவாள். ஆண்டறிக்கைகள். அரசாணைகள். விதித் திருத்தங்கள்.

படகு விபத்தின் விசாரணை அறிக்கை இருக்காது. விரலை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பாள்.

நேற்று இருந்தது. ஏழாவது வரியில்.

அச்சகத்திலிருந்து வந்த கட்டுகளை அவள் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இறக்கினார்கள். பழுப்புக் காகிதம், சணல் கயிறு. அவையில் வைக்கும்வரை யாரும் பிரிக்கக் கூடாது.

அவளும் பிரிக்கவில்லை. ஒரு பகல் முழுக்க அவளுடைய சேலைக் கரை அந்தக் கட்டில் உரசிக்கொண்டிருந்தது.

விதி அப்படி என்று சொல்லிக்கொண்டாள்.

இன்று காலை, அறையின் ஒலிபெருக்கியில் அவை நடவடிக்கை கேட்டது. அமைச்சர் எட்டு ஏடுகளின் பெயர்களை ஒரே மூச்சில் படித்தார். ஏழாவதில் அணையின் பெயரில் தடுமாறி, திருத்திக்கொண்டார். அவை முன் வைக்கிறேன் என்றார்.

அவ்வளவுதான்.

அடுத்து ஒரு மசோதா. 'ஆம்' என்போர் 'ஆம்' என்றார்கள். நிறைவேறியது. யாரோ இருமினார்கள்.

அவள் கயிற்றை அறுத்தாள். பிரதிகளை அடுக்கி உள்ளே அனுப்பினாள். அட்டைகளை மட்டும் பார்த்தாள்.

மதியம் கூட்டத்தொடர் முடிந்தது. உறுப்பினர்கள் விட்டுப்போனவற்றைத் திரட்ட அவளும் பிரிவு அலுவலர் ஜெயசீலியும் அவைக்குள் போனார்கள்.

இருக்கைகளில் அறிக்கைகள் கிடந்தன.

ஒன்றின் மேல் தண்ணீர் டம்ளர் வைத்த வட்டம். ஒன்றின் பின்னட்டையில் யாரோ பேனாவால் வாழைமரம் வரைந்திருந்தார், குலையோடு. நன்றாகவே வந்திருந்தது.

பிரித்துப் படித்த தடம் எதிலும் இல்லை.

"பட்ஜெட்டுக்குக் குடுக்கிற பைய மட்டும் ஒருத்தரும் மறக்கிறதில்ல பாரு," என்றார் ஜெயசீலி.

வழக்கமாக அவள் சிரிப்பாள்.

கடிதம் வரவில்லை என்று இதில் எழுதியிருந்தால், ஒன்பது பேரைக் கொன்றவன் அவன். பள்ளிக்கூடத்தில் மகளிடம் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு பள்ளி மாற்றியாயிற்று.

கடிதம் வந்தது என்று எழுதியிருந்தால், படகில் தண்ணீர் ஏறுவது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் எடுத்தான்.

ஏன் எடுத்தான் என்பது எந்தப் பக்கத்திலும் இருக்காது.

"என்னடி, அட்டையவே பாத்துக்கிட்டு நிக்கிற? காலையில சாப்பிட்டியா இல்லையா?"

உறுப்பினர் இருக்கையில் பணியாளர்கள் உட்காரும் வழக்கம் இல்லை. பதினோரு ஆண்டுகளில் அவள் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை.

உட்கார்ந்தாள்.

ஜெயசீலி வாயிற்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர் இதுல இருக்காரு, மேடம்."

ஏதோ விபத்தில் கணவர் போய்விட்டார் என்பது மட்டும்தான் ஜெயசீலிக்குத் தெரியும். அட்டையைப் படித்தார். மறுபடியும் படித்தார். கையிலிருந்த பிரதிகளைத் தரையில் வைத்துவிட்டு, அடுத்த இருக்கையில் தானும் உட்கார்ந்தார்.

ஓட்டுங்கள் என்று தான் சொன்னது தப்பா என்று எத்தனையோ பேரிடம் அவள் கேட்க வாயெடுத்திருக்கிறாள். ஆணையத்தின் வக்கீலிடம். ரயிலில் உடன் வந்த தம்பியிடம். ஒருமுறை, மின்தூக்கியில், இந்த ஜெயசீலியிடமேகூட. ஒவ்வொரு முறையும் பேச்சு வேறு எதிலோ போய் முடிந்தது.

மின்விசிறிகளை ஒவ்வொன்றாக யாரோ அணைத்துக்கொண்டே வந்தார்கள்.

அறிக்கையை நீட்டினாள்.

"பிரிக்க எனக்குக் கை வரல மேடம். நீங்க படிச்சுச் சொல்லுங்க. அவர் லெட்டர் குடுத்தாரா இல்லையா, அது மட்டும் போதும்."

ஜெயசீலி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"குடுத்தாருன்னு இருந்தா," என்றாள் அவள், "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க."