உடுவாத்தா வழி தவறிய அந்தி

எருமப்பட்டிக்கு மேற்கே, பொழுது சாயும் நேரத்தில், கோழிப்பண்ணையின் பல்புகள் வரிசை வரிசையாக எரிகின்றன. முட்டை பொறுக்கிக்கொண்டிருக்கும் வசந்தாமணியின் முன்னால் ஒரு பெண் வந்து நிற்கிறாள். அவள் முந்தானை நுனியிலிருந்து வெளிச்சம் சொட்டுகிறது; கூண்டுக் கோழிகள் அத்தனையும் சட்டென்று அடங்கிவிடுகின்றன. செத்துப்போன பிள்ளைகளை வானத்தில் நட்சத்திர விளக்காக ஏற்றிவைக்கும் உடுவாத்தாதான் அது. போன ஐப்பசியில் மகள் நித்யஸ்ரீயைப் பறிகொடுத்த நாளிலிருந்து வசந்தாமணி கும்பிடுவது அவளைத்தான். “இதுல என்ற வானம் எது சாமி? மேலிருந்து பாத்தா ரெண்டும் ஒன்னாட்டமே இருக்குது” என்று பல்புகளைப் பார்த்துத் திகைக்கிறாள் வந்தவள். காலில் விழுவதா, வழி சொல்வதா, மகளைப் பற்றிக் கேட்பதா? “என்ற நித்யா அங்க நல்லாருக்காளுங்களா?” என்கிறாள் கடைசியில். உடுவாத்தா விழிக்கிறாள். “ஏத்துறது மட்டுந்தான் நானு. பேரு ஒன்னுந் தெரியாதே சாமி.” ஆனாலும் வசந்தாமணி அவள் கையைப் பிடிக்கிறாள். அப்போதுதான் இட்ட முட்டையின் சூடு அதில். வெளியே கூட்டிவந்து மேலே காட்டுகிறாள். “அதுதானுங்க வானம். வெரசாப் போங்க. இருட்டுனா என்ற புள்ள பயந்துக்கும்.”