முப்பத்தேழாவது ஜன்னல்

புகைப்படப் போட்டியின் மூன்று நடுவர்களில் கத்தரி அக்காவிடம் தப்பித்த படங்கள் குறைவு. கட்டடம் இம்மி சாய்ந்திருந்தாலும் கழித்துக் கட்டிவிடுவார். படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி மூலைமுடுக்கெல்லாம் துழாவுவது அவர் வழக்கம்.

போட்டிக்கு வந்த ஒரு பழம்பெரும் ஹோட்டலின் படத்தில் அவருக்கே ஒரு குறையும் அகப்படவில்லை. தலைமை நடுவர்தான் குதித்தார்.

"ஹோட்டல் முகப்புல முப்பத்தாறு ஜன்னல்தான் அக்கா. படத்துல முப்பத்தேழு. ஒண்ணை ஒட்டவச்சு ஏமாத்தியிருக்கான். தள்ளுங்க."

"ஒட்டவச்சா ஓரம் பிசிறும். இதுல பிசிறே இல்ல. நல்ல படத்தை என் கையால தள்ள மாட்டேன். வேணும்னா என்னைத் தள்ளிட்டு வேற ஆளைப் பாருங்க."

மறுநாள் காலை கத்தரி அக்காவே ஹோட்டலுக்குப் போனார். தெருவில் நின்று எண்ணினார். முப்பத்தாறு. அப்படியும் விடாமல் மூன்றாம் மாடிக்கு ஏறினார். படத்தில் கடைசி ஜன்னல் இருந்த இடத்தில் வெறும் சுவர். சுண்டுவிரல் வளைந்த தன் வலது கையை அதன்மேல் அழுத்தி வைத்தார். சுவர் கண்ணாடிபோல் வழவழவென்று, சில்லென்று இருந்தது.

திரும்பி வந்து, தலைமை நடுவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். முப்பத்தேழாவது ஜன்னலில் உள்ளிருந்து ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. சுண்டுவிரல் வளைந்திருந்தது.

தலைமை நடுவர் திரையையும் அக்காவின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, இப்பவாவது தள்ளிடுங்க."

கத்தரி அக்கா ரேகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மதிப்பெண் தாளில் எழுதினார்: "கை அசையவில்லை. ரேகைவரை தெளிவு. தேர்வு."